மிஸ்ஸி அக்கா பதில்கள்: மாமனாரின் சிகரெட்டும் மகனின் வேப்பும்

போன மாதம் குழந்தைகளின் இருமலைப் பற்றி எழுதும்போது, "வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்" என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தேன். கட்டுரை முழுவதற்கும் வந்ததைவிட அந்த ஒரு வரிக்கு வந்த கடிதமும் வாட்ஸாப் செய்தியும்தான் அதிகம். பாதிப் பேர் "பெயர் போடாதீர்கள்" என்கிறார்கள், மீதிப் பேர் பெயரே எழுதவில்லை. மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் மாதிரி சின்ன ஊரில் இந்தத் தாமானில் (குடியிருப்பில்) தும்மினால் அந்தத் தாமானில் கஷாயம் காய்ச்சுவார்கள், அதனால் பயம் புரிகிறது. பெயரையெல்லாம் எடுத்துவிட்டேன். இந்த மாதம் முழுக்கப் புகைதான்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம், ஏழு மாதப் பிள்ளை இருக்கிறான். மாமனார் தோட்டத்தில் மண்டோராக (ஆட்களை மேய்க்கும் மேற்பார்வையாளராக) இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், பேரன் என்றால் உயிர். ஆனால் ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்தே ஒரு நாளைக்கு ஒரு பெட்டி முடித்துவிடுகிறார். பிள்ளைக்கு அடிக்கடி சளி, போன மாதம் நெஞ்சில் விசில் மாதிரி சத்தம் வந்து கிளினிக்கில் நெபுலைசர் வைத்தார்கள். கணவரிடம் சொன்னால் "அப்பாகிட்ட எப்படிச் சொல்றது, மரியாதையா இருக்காது" என்கிறார். ஜன்னலைத் திறந்து ஃபேன் போட்டால் போதுமா அக்கா? (பெயர் வேண்டாம், தாமான் வீடு)

போதாது.

சிகரெட் புகை என்றதும் வாயிலிருந்து ஊதுவதைத்தான் நாம் நினைக்கிறோம். உங்கள் மாமனார் நாடகத்தில் லயித்துப்போய், இழுக்காமல் இரண்டு விரலுக்கு நடுவே சும்மா பிடித்துக்கொண்டிருப்பாரே, அப்போது நுனியிலிருந்து நீலமாக ஒரு கோடு மேலே போகும், பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் இருப்பவர் மூச்சில் போவதில் பெரும்பங்கு அதுதான். அது சிகரெட்டின் பஞ்சு வழியாக வருவதில்லை, குறைந்த சூட்டில் அரைகுறையாக எரிந்து வருவதால் நஞ்சும் அதில் கூடுதல். புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருக்கின்றன, அவற்றில் ஏறக்குறைய 70 புற்றுநோயை உண்டாக்குபவை. 2006-இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி வெளியிட்ட அறிக்கை ஒரே போடாகப் போட்டது: இந்த அளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது, ஜன்னலைத் திறப்பது, ஃபேன் போடுவது, தனி அறையில் உட்காருவது எதுவும் முழுதாகக் காப்பாற்றாது. ஃபேன் புகையை வெளியே தள்ளுகிறது என்று நினைக்கிறோம். பாதி நேரம் அது ஹாலில் இருப்பதைத் தொட்டில் இருக்கும் அறைக்குத்தான் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

பிள்ளையின் மூச்சுக்குழாய் சின்னது, மூச்சோ நம்மைவிட வேகம். மூச்சிரைப்பு, நெஞ்சுச் சளி, காதில் சீழ் எல்லாம் சிகரெட் பிடிக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதிகமாக வரும். கைக்குழந்தை தூக்கத்திலேயே திடீரென்று இறந்துபோவது என்று ஒன்று உண்டு, அந்த ஆபத்தும் புகையால் கூடுகிறது. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை, கணவருக்கு வாசித்துக் காட்டுவதற்காக எழுதுகிறேன்.

என் கதையையும் சொல்கிறேன். நான் பிறந்தது லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அப்பா ரோக்கோ டாவுன் பிடிப்பார், நிப்பா ஓலையில் புகையிலையை வைத்துச் சுருட்டுவார்களே, அது. தீபாவளிக்கு முந்திய வாரம் அம்மா கொசுவலையைக் கழற்றிப் பைப்படியில் ஊறவைப்பார். சற்று நேரத்தில் தண்ணீர் பால் விடாத தேநீர், அந்தத் தே-ஓ நிறத்துக்கு வந்துவிடும், சர்க்கரை போட்டால் குடிக்கலாம் போல இருக்கும். கொசுவலை என்றால் அப்படித்தான் அழுக்குப் போகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், பயிற்சிக்குப் போய், விடுதியில் ஒரு வருடம் கட்டியிருந்த என் வலையைத் துவைத்தபோது தண்ணீர் வெறும் சோப்புத் தண்ணீராகத்தான் இருந்தது. வாளிக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் குந்திவிட்டேன். வீட்டில் அந்த வலைக்குள் நாங்கள் நான்கு பிள்ளைகள் படுத்திருந்தோம்.

சரி, மரியாதைக்கு வருவோம். நம் வீடுகளில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. அப்பா வருவதைப் பார்த்ததும் மகன் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தால் நல்ல பையன், மறைக்காவிட்டால் தறுதலை. அதே அப்பா பேரனை மடியில் வைத்துக்கொண்டு பிடித்தால் அதற்கு ஒரு பெயரும் கிடையாது. மரியாதை கீழிருந்து மேலே மட்டும்தான் போகிறது, புகை எல்லாப் பக்கமும் போகிறது.

நீங்கள் நேரடியாகச் சொல்ல வேண்டாம், மருமகள் சொன்னால் அது வேறு சண்டையாகிவிடும். அடுத்த தடவை கிளினிக்குக்குப் போகும்போது, "நீங்க வந்தா அவன் அழமாட்டான் மாமா" என்று அவரையும் கூட்டிப் போங்கள். உள்ளே அவர் காதுபட, "டாக்டர், வீட்டில் சிகரெட் புகை இருக்கிறது, அதனாலேயும் இருக்குமா?" என்று மட்டும் கேளுங்கள். மீதியை டாக்டர் பார்த்துக்கொள்வார். முப்பது வருடத்துக்கு மேல் கிளினிக்கில் இருந்தவள் சொல்கிறேன், நெபுலைசர் மாட்டிய பேரனைப் பார்த்துக்கொண்டே அந்தப் பதிலைக் கேட்கும் தாத்தா, வீட்டில் கேட்கும் தாத்தா மாதிரி இருக்க மாட்டார். வெளியே பிடித்துவிட்டு வந்தாலும் சட்டை மாற்றி, கை கழுவி, அப்புறம்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். சட்டையிலும் மீசையிலும் ஒட்டியிருப்பது பிள்ளையின் கைக்குப் போகும், கை வாய்க்குப் போகும்.

கார் விஷயமும் இதேதான். 2019 செப்டம்பரில் புகைமூட்டம் வந்து பல இடங்களில் பள்ளிக்கூடங்களை மூடினார்களே, அப்போது ஓர் அப்பா, தானும் முகக்கவசம் போட்டு, மகளுக்கும் அழகாகப் போட்டுவிட்டு, மருந்து வாங்க வந்தார். வாங்கிக்கொண்டு காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றி, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, ஒன்றைப் பற்றவைத்தார். மகள் பின் சீட்டில். நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். காற்று மோசமாக இருக்கிறதாம், அதனால்தான் கண்ணாடியை இறக்கவில்லையாம்.

என் தாத்தா தினமும் சுருட்டுப் பிடித்தார், 87 வயது வரை கல்லு மாதிரி இருந்தார். இந்த டாக்டர்கள் சொல்வதெல்லாம் மருந்து விற்கத்தான். (உண்மை விரும்பி)

தாத்தா 87 வரை இருந்தார், சந்தோஷம். பாட்டி எத்தனை வயது வரை இருந்தார் என்று எழுதவில்லையே?

இந்தக் கேள்வியை எனக்கு முன்பே ஒருவர் கேட்டார். ஜப்பானில் தக்கேஷி ஹிராயாமா என்ற ஆராய்ச்சியாளர், சிகரெட்டே தொடாத 91,540 மனைவிகளை 14 வருடம் தொடர்ந்து கவனித்து, 1981-இல் முடிவை வெளியிட்டார். தினம் ஒரு பெட்டி, அதற்கு மேல் பிடிக்கும் கணவன்மாரின் மனைவிகளுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது. சிகரெட் கம்பெனிகள் துள்ளிக் குதித்தன, கணக்கு தப்பு என்றன, ஆனால் பிற்பாடு பல நாடுகளில் பார்த்தபோதும் போக்கு அதே போக்குத்தான். இப்போது பொதுவாகச் சொல்லும் கணக்கு, புகைப்பவரோடு ஒரே வீட்டில் வாழும் புகைக்காதவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து 20 முதல் 30 விழுக்காடு கூடுகிறது, இதய நோயும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் கூடுகிறது.

இருட்டோடு செருப்பில்லாமல் பால்மரக் காட்டுக்குள் போய்ப் பாம்பு கடிக்காமல் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். அதை வைத்துப் பாம்புக்கு விஷமில்லை என்று தோட்டத்தில் யாரும் சொன்னதில்லை.

என் மகன் படிவம் மூன்று. பென்சில் டப்பாவுக்குள் ஹைலைட்டர் பேனா மாதிரி ஒன்று இருந்தது, மாம்பழ வாசனை. கேட்டால் "வெறும் ஆவிதாம்மா, சிகரெட் இல்ல" என்கிறான். அவன் அப்பா பெல்ட்டால் அடித்து, ராத்திரி பத்து மணி வரை வாசலில் நிற்க வைத்தார். அடித்து முடித்த கையோடு அவர் ஒரு சிகரெட் பற்றவைத்தார், பையன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். வேப், அதாவது இந்த மின்சிகரெட், சாதாரண சிகரெட்டைவிடப் பரவாயில்லையா? பள்ளிக்கூடத்தில் சொல்லலாமா? (ஓர் அம்மா)

அந்தச் சிகரெட் பற்றவைத்த வரியை எழுதும்போது உங்களுக்கே எல்லாம் புரிந்திருக்கும், இருந்தாலும் கேட்ட வரிசையில் போகிறேன்.

ஆவி என்றால் இட்லிப் பானையில் வருவது. வேப்பில் வருவது, ஒரு திரவத்தைச் சூடாக்கிப் பொடிப்பொடித் துளிகளாக்கி விடும் புகை மாதிரியான ஒன்று. பெரும்பாலும் அதில் நிக்கோட்டின் இருக்கிறது, நுரையீரலின் அடிவரை போகும் நுண்துகள்கள் இருக்கின்றன, சூடேறும் கம்பிச் சுருளிலிருந்து வரும் நிக்கல், ஈயம் மாதிரி உலோகங்களும் இருக்கலாம். சிகரெட் எரிவதால் வரும் தார் இதில் இல்லை, அதனால் இருபது வருடமாகப் பெட்டி பெட்டியாக ஊதும் ஒருவர் கணக்கு வேறு. எதையுமே பிடிக்காத பதினைந்து வயதுப் பையனுக்கு "சிகரெட்டைவிடப் பரவாயில்லை" என்பது ஒரு பதிலே இல்லை. அவன் சிகரெட்டை விட்டுவிட்டு இதற்கு வரவில்லை, ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து வந்திருக்கிறான்.

சிகரெட்டை முதல் தடவை இழுக்கும் பிள்ளை இருமும், கண்ணில் நீர் வரும், சிலர் அதோடு விட்டுவிடுவார்கள். இந்த வேப்பில் பலவற்றில் நிக்கோட்டினை உப்பு வடிவத்தில் சேர்க்கிறார்கள், தொண்டை எரியாது, இருமல் வராது, வழவழவென்று இறங்கும். அதற்கு மேல் மாம்பழம், தர்பூசணி, ஐஸ்கிரீம் வாசனை. அறுபது வயது ஆளை மனதில் வைத்தா அந்த வாசனை போடுகிறார்கள்? மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது, அந்த வளரும் மூளையில் நிக்கோட்டின் சீக்கிரம் வேர் பிடிக்கும், கவனம் சிதறும், எரிச்சல் வரும். போதைப்பொருள் கலந்த வேப் திரவம் பிடிபட்டதாகவும் செய்திகள் அடிக்கடி வருகின்றன. உள்ளே இருப்பது என்ன என்று உங்கள் மகனுக்கும் தெரியாது, விற்றவனுக்கும் தெரியாது.

உங்கள் மகன் ஒருத்தன் மட்டும் கெட்டுப்போனதாக நினைக்காதீர்கள். சுகாதார அமைச்சு 13 முதல் 17 வயது மாணவர்களிடம் எடுத்த ஆய்வில், 2017-இல் 13.8 விழுக்காட்டினர் சிகரெட் பிடித்தார்கள், 2022-இல் அது 6.2 ஆக இறங்கிவிட்டது. கைதட்டலாம் என்று பார்த்தால் அதே காலத்தில் வேப் 9.8-இலிருந்து 14.9-க்கு ஏறியிருக்கிறது. நாம் சிகரெட் நாற்றத்தை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தபோது பிள்ளைகள் மாம்பழ வாசனைக்குப் போய்விட்டார்கள்.

இதில் பெரியவர்கள் செய்த கூத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2023 மார்ச் 31-இல் நிக்கோட்டின் திரவத்தை நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், வரி போடுவதற்காக. பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று சொல்லும் புதிய சட்டம், அதாவது 852-ஆம் சட்டம், நடப்புக்கு வந்தது 2024 அக்டோபர் 1-இல். நடுவில் ஒன்றரை வருடம், பள்ளிச் சீருடையோடு வரும் பிள்ளைக்கு நிக்கோட்டின் வேப் விற்றாலும் பிடிக்கச் சட்டம் இல்லை. 2007-இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு எப்போதுமே விற்கக் கூடாது என்று ஒரு பகுதியும் முதலில் மசோதாவில் இருந்தது, 2023 நவம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். உங்கள் மகன் பிறந்த வருடமும் அதற்குள்தான் வந்திருக்கும். எனக்கு இதில் இன்னும் கோபம் ஆறவில்லை.

இப்போதைய சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்பது குற்றம், அந்தப் பிள்ளை வாங்குவதும் இழுப்பதும்கூடக் குற்றம். ஆகவே பள்ளியில் சொல்வதானால் நேரே கட்டொழுங்கு ஆசிரியரிடம் போகாதீர்கள், முதலில் ஆலோசக ஆசிரியரைத் தனியாகப் பாருங்கள். எங்கே வாங்கினான், யார் கொடுத்தார்கள் என்பதை அவனிடம் விசாரணை மாதிரி இல்லாமல் கேளுங்கள். மோட்டாரில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போகும்போது கேட்டால் பிள்ளைகள் சொல்வார்கள், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா.

அப்புறம் அவன் அப்பா. பெல்ட்டால் அடித்த இடம் நாலு நாளில் ஆறிவிடும். அடித்த கையில் சிகரெட் இருந்ததைப் பையன் மறக்கப்போவதில்லை. அடிவாங்கியது ஊதியதற்காக அல்ல, மாட்டிக்கொண்டதற்காக என்றுதான் அவனுக்குப் புரிந்திருக்கும், அடுத்த தடவை பென்சில் டப்பாவில் வைக்க மாட்டான், அவ்வளவுதான். அவர் விடுவாரோ மாட்டாரோ, குறைந்தது மகனிடம் உட்கார்ந்து, "எனக்கு உன் வயதில் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது, இன்னும் விட முடியவில்லை, விட்டுப் பார்த்தேன் முடியவில்லை" என்று உண்மையைச் சொல்லட்டும். அப்பா தோற்றுப்போன கதையைப் பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்பார்கள். இரண்டு பேரும் சேர்ந்து அரசாங்க கிளினிக்கில் புகைப்பதை நிறுத்தும் பிரிவுக்குப் போனால் இன்னும் நல்லது, எம்குவிட் என்று கேட்டால் காட்டுவார்கள்.

டவுனில் ஒட்டுக்கடை வைத்திருக்கிறேன். பழைய வாடிக்கையாளர்கள் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே ஊதுகிறார்கள். சொன்னால் கோவித்துக்கொள்கிறார்கள். என்ன செய்வது?

கோவித்துக்கொள்ளட்டும். சாப்பாட்டுக் கடையில் புகைக்கக் கூடாது என்பது 2019 ஜனவரி 1 முதல் இருக்கிறது, முதல் வருடம் எச்சரிக்கையோடு விட்டார்கள், 2020-இலிருந்து அபராதம். மேசை நாற்காலி போட்டிருக்கும் இடத்திலிருந்து மூன்று மீட்டர், அதாவது பத்தடி தள்ளிப் போக வேண்டும், ஒட்டுக்கடையானாலும் சரி. இப்போதைய சட்டத்தில் பிடிப்பவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் போட முடியும். வேப்புக்கும் அதே. கடைக்காரர் நீங்கள் அறிவிப்புப் பலகை மாட்ட வேண்டும், சாம்பல் தட்டு வைக்கக் கூடாது. சாம்பல் தட்டுக்குப் பதிலாக மைலோ டின் வைத்திருக்கிறீர்கள் என்றால் அதையும் எடுங்கள், எனக்குத் தெரியும்.

வாடிக்கையாளர் அரை மணி நேரம் உட்கார்ந்து போய்விடுவார். தேநீர், கோப்பி கலக்கும் பிள்ளை காலை ஆறிலிருந்து மதியம் வரை அந்தக் காற்றில்தான் நிற்கிறது. அது உங்களிடமும் சொல்லாது, அவரிடமும் சொல்லாது.

ஆன்ட்டி, நான் படிவம் நான்கு. சனி ஞாயிறு கார் கழுவும் கடையில் வேலை செய்கிறேன், அங்கே இருக்கும் அண்ணன்மார்கள் கொடுத்து ஆரம்பித்தேன், ஆறு மாதம் ஆகிறது. ஒரு நாளைக்கு மூன்று, நான்குதான். ஆனால் ஃபுட்பால் விளையாடும்போது மூச்சு வாங்குகிறது. விட வேண்டும் போல இருக்கிறது. வேண்டாம் என்றால் "என்னடா பொம்பள மாதிரி" என்கிறார்கள். அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் விட முடியுமா? அப்பாவுக்குத் தெரிந்தால் நான் செத்தேன்.

முடியும் தம்பி. மூன்று, நான்கு என்பதால் ஒன்றும் இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஆறு மாதத்தில் விடுவது ஆறு வருடத்தில் விடுவதைவிடச் சுலபம். தினமும் பிடிக்கும் பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் 18 வயதுக்கு முன்பே ஆரம்பித்தவர்கள் என்பது அமெரிக்காவில் எடுத்த கணக்கு. நம் ஊரில் நீயே சுற்றிக் கேட்டுப் பார், முப்பது வயதில் ஆரம்பித்தேன் என்று யாராவது சொல்கிறார்களா என்று.

உன் மூச்சு வாங்குவதற்குக் காரணம் கற்பனை இல்லை. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். நிறுத்திய ஒரு நாளுக்குள் அது பெரும்பாலும் இறங்கிவிடும். ஆகவே நிறுத்திய இரண்டாம் நாளே மைதானத்தில் கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம், பார்.

கஷ்டம் எங்கே என்றால், இழுத்த பத்து விநாடிக்குள் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது, மூளைக்கு அந்த வேகம் பழகிவிடுகிறது. விட்டதும் முதல் மூன்று நாள்தான் மோசம், எரிச்சல் வரும், தூக்கம் கெடும், யாரைப் பார்த்தாலும் கத்தத் தோன்றும், பிறகு இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். ஆசை வரும்போது அது ஒரேயடியாக உட்கார்ந்திருக்காது, சில நிமிடத்தில் போய்விடும். அந்தச் சில நிமிடத்துக்குக் கைக்கும் வாய்க்கும் வேலை கொடு: பச்சைத் தண்ணீர், அசாம் பொய் (புளிப்பு உப்புப் பழம்), சுயிங்கம், எதுவானாலும் சரி. முதல் மூன்று நாளைக் கார் கழுவும் கடைக்குப் போகாத நாட்களாகப் பார்த்து வைத்துக்கொள், திங்கள் காலை ஆரம்பித்தால் வியாழனுக்குள் மலை இறங்கியிருப்பாய்.

அண்ணன்மார்களிடம் தத்துவம் பேசாதே, தோற்பாய். "கோச் சொல்லிட்டாரு, டீம்ல எடுக்க மாட்டாராம்" என்று ஒரே பொய்யைச் சொல், நான் அனுமதி கொடுக்கிறேன். இடைவேளையில் அவர்கள் பற்றவைக்கும்போது நீ பைப்பைப் பிடித்துக்கொண்டு நில், கை ஈரமாக இருந்தால் எவனும் சிகரெட் நீட்ட மாட்டான். "பொம்பள மாதிரி" என்று கிண்டல் செய்பவனிடம் மைதானத்தை ஒரு சுற்று ஓடி வரச் சொல்.

குச்சி குச்சியாக உனக்கு விற்கும் கடை எது என்று நான் கேட்கவில்லை, ஆனால் அந்தக் கடைக்காரர் சட்டத்தை இரண்டு பக்கமும் உடைக்கிறார்: உன் வயதுக்கும் விற்கக் கூடாது, 20 குச்சிக்குக் குறைவாகவும் விற்கக் கூடாது. அது கடத்தல் சிகரெட் என்றால் மூன்று பக்கமும்.

அப்பாவுக்குத் தெரியாமல் ஆரம்பிக்கலாம். ஆனால் தெரிந்த பெரியவர் ஒருவர் வேண்டும், மாமா, சித்தி, ஆலோசக ஆசிரியர், யாராவது ஒருவர், கத்தாத ஆளாகப் பார்த்துச் சொல். இரண்டு தடவை நழுவினால் கணக்கு முடிந்தது என்று நினைக்காதே, பெரும்பாலானவர்கள் ஒரே முயற்சியில் விட்டதில்லை. ஒரு மாதம் கழித்து எத்தனை கோல் என்று எழுது.

தங்கச்சி, எனக்கு 71 வயது. பதினாலு வயதில் பால்மரம் வெட்டப் போனவன். விடியாத நேரத்தில் காட்டுக்குள் கொசுவுக்குப் புகையும், காலில் ஏறும் அட்டைக்குப் புகையிலையும்தான் எங்களுக்கு மருந்து. அப்படிப் பழகியது. இப்போது தோட்டமும் இல்லை, லயமும் இல்லை, மகன் வீட்டில் இருக்கிறேன். நீங்கள் போன மாதம் எழுதியதை வாசித்துவிட்டு மகன், "அப்பா, இனிமே வெளியே போய்ப் பிடிங்க" என்று பேத்தி முன்னாலேயே சொல்லிவிட்டான். வயதான காலத்தில் இந்த மரியாதைதான் மிச்சம். நீங்கள் எழுதியது சரியா?

அண்ணே, எழுதியது சரி. மகன் பேத்தி முன்னால் சொன்னது தப்பு, அதற்கு அவர் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்ட பிறகும் நீங்கள் வெளியே போய்த்தான் பிடிக்க வேண்டும்.

கொசுவும் அட்டையும் எனக்குத் தெரியும், என் அப்பாவும் அதே பெரட்டில், விடியுமுன் பேர் கூப்பிடும் வரிசையில், நின்றவர்தான். உங்களையெல்லாம் கெட்ட பழக்கக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் காலத்தில் பதினாலு வயதுப் பையன் புகையிலை வாங்கினால் யாரும் ஏன் என்று கேட்டதில்லை, வயிறு காலியாக இருக்கும்போது பசி தெரியாமல் இருக்கட்டும் என்றும்தான் பிடித்தார்கள். ஆனால் தாமான் வீட்டு ஹாலில் அட்டை இல்லையே.

நான் என் அப்பாவிடம் கடைசி வரை சொன்னதே இல்லை. வெள்ளைச் சீருடை போட்டுக்கொண்டு ஊரில் உள்ள எல்லா அப்பாக்களிடமும் சொன்னேன், வீட்டுக்கு வந்தால் தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். அம்மா 58 வயதில் நெஞ்சுக் கோளாறில் போனார், ஒரு நாளும் புகைத்தவர் இல்லை. விறகு அடுப்பும் இருந்தது, வேறு நோயும் இருந்தது, புகையால்தான் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. ஒரே ஒரு தடவையாவது வாய் திறந்திருக்கலாம் என்று மட்டும் தோன்றும். உங்கள் மகன் திறந்துவிட்டார், விதம் சரியில்லை, அவ்வளவுதான்.

மரத்தடியில் நல்ல நாற்காலி ஒன்று போட்டுத் தரச் சொல்லுங்கள், பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், சாய்வு நாற்காலியாகக் கேளுங்கள், குறை வைக்காதீர்கள். வெளியே அனுப்புவது துரத்துவது மாதிரி இருக்கக் கூடாது. கதவுக்கு வெளியே ஒட்டி நின்றால் புகை உள்ளேதான் வரும், அதனால் வாசற்படியில் இல்லை, மரத்தடியில்.

விடுவதற்கு 71 பிந்திவிட்டதா என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன், பிந்தவில்லை. நிறுத்திய இருபது நிமிடத்தில் நாடித்துடிப்பு இறங்க ஆரம்பிக்கும், ஒரு வருடத்தில் புகையால் கூடிய மாரடைப்பு ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறையும். ஒட்டும் பட்டை இருக்கிறது, நிக்கோட்டின் சுயிங்கம் இருக்கிறது, பல் இல்லாவிட்டால் பட்டையைக் கேளுங்கள். உங்களுக்கு ஆசை அதிகம் வரப்போவது காலை நாலரை ஐந்து மணிக்கு, பெரட்டுக்கு எழுந்த அதே நேரத்தில், அதற்கு மட்டும் ஒரு கோப்பி தயாராக இருக்கட்டும். கிளினிக்குக்கு மகனை மோட்டாரில் கொண்டுபோய் விடச் சொல்லுங்கள். அங்கே வயது கேட்டால் எழுபத்தொன்று என்று உரக்கச் சொல்லுங்கள், "இனிமே எதுக்குத் தாத்தா" என்று எந்த மிஸ்ஸியாவது கேட்டால் எந்தக் கிளினிக் என்று எனக்கு எழுதுங்கள்.